காலாண்டு லீவுல சின்னப் பிள்ளைகளுக்கு உயிரோட மீன் காட்டணும், விழிஞ்ஞம் போனவங்க சொல்லுங்க

வடசேரி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்தவ யுகேஜி படிக்கா அஞ்சு வயசு, இளையவன் ரெண்டரை. காலாண்டு லீவுல வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு சனிக்கிழமைதான் லீவு கிடைக்கும், அன்னைக்கு பிள்ளைகள மீன் காட்சியகம் கூட்டிட்டுப் போலாம்னு பாக்கோம். மாமியாரும் வருவாங்க, அவங்களுக்கு முட்டு வலி, ரொம்ப நடக்க முடியாது.

இத இவ்வளவு யோசிச்சு கேக்கதுக்கு ஒரு காரணம் இருக்கு. போன மே மாசம் ஒரு பொருட்காட்சியில கண்ணாடிச் சுரங்கம் மாதிரி போட்டு மீன் விட்டிருந்தாங்க. உள்ள போற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள போனதும் பின்னால இருந்து ஆள் தள்ளுது, முன்னால போட்டோ எடுக்கவங்க நகர மாட்டாங்க, காத்தே இல்ல, தலைக்கு மேல ஒரு பெரிய திரச்சி, அதான் திருக்கை மீன், வயித்தக் காட்டிக்கிட்டு போச்சு, மூத்தவ அலறிட்டா. திரும்பி வர வழி கிடையாது, கடைசி வரை போய்த்தான் வெளிய வரணும். அவ ஒரு கால் செருப்பு எங்கயோ போச்சு. அதுல இருந்து மீன் தொட்டின்னு சொன்னாலே "வேண்டாம்மா"ன்னு என் சேலையப் புடிச்சுக்கிடுதா. கடலுக்கு இவ்வளவு பக்கத்துல பிறந்த பிள்ளை மீனப் பாத்து பேடிச்சு வளரக் கூடாதுன்னு எனக்கு மனசுல கெடந்து அடிச்சுக்கிடுது.

திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்ஞத்துல ஒரு மீன் காட்சியகம் இருக்குன்னு சொல்லுதாங்க. சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒத்து வருமா? நாகர்கோவில்ல இருந்து எப்படிப் போகணும்? போயிருந்தா சொல்லுங்க.

தக்கலை டிரைவர்:
வழி நான் சொல்லுதேன் தங்கச்சி. திருவனந்தபுரம் சிட்டிக்குள்ள போகவே வேண்டாம், அதுதான் எல்லாரும் செய்யுற தப்பு. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, அப்புறம் பாலராமபுரம் வரும்லா, அங்க இடது கைப்பக்கம் திரும்பினா நேரா விழிஞ்ஞம். மொத்தம் அறுபது கிலோமீட்டருக்கு கொஞ்சம் கூட வரும். காலையில ஆறரைக்கு வண்டி எடுத்தா எட்டரை, எட்டே முக்காலுக்கு போய்ச் சேரலாம், எட்டு மணிக்கு எடுத்தா எப்ப சேருவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். மார்த்தாண்டத்துல மேம்பாலம் ஏறிட்டா பிரச்சனை இல்ல, களியக்காவிளைதான் நெரிசல்.

சின்னவன் வண்டியில வாந்தி எடுக்கவனா? அப்படின்னா பால் குடுத்துட்டு உடனே வண்டி ஏத்தாதீங்க, காஞ்ச இட்லி ரெண்டு குடுங்க, பாறசாலையில நிறுத்தி காத்து வாங்க விடுங்க. பஸ்ல போறவங்க திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை போய்த்தான் கோவளம், விழிஞ்ஞம் பஸ் மாறணும், ரெண்டு பிள்ளையும் முட்டு வலிக்காரங்களும் வச்சுக்கிட்டு அது ரொம்ப சிரமம்.

மார்த்தாண்டம் டீச்சர்:
நான் 18 வருஷமா நர்சரி பிள்ளைகளோட இருக்கேன், விழிஞ்ஞத்துக்கு மூணு தடவ பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிருக்கேன். அது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட இடம், சாகரிகான்னு பேரு. சின்ன இடம்தான். பெரியவங்க வேகமா நடந்தா கொஞ்ச நேரத்துல வெளிய வந்து "இவ்வளவுதானா"ம்பாங்க. ஆனா அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சின்னதுதான் அளவு. உங்க மக பயந்தது மீனப் பாத்து இல்லம்மா. கூட்டம், இருட்டு, தலைக்கு மேல வந்தது, திரும்பிப் போக வழி இல்லாதது, இவ்வளவும் சேர்ந்துதான் அவள அலற வச்சிருக்கு. இங்க தொட்டி கண்ணுக்கு நேரா இருக்கும், வேண்டாம்னா ரெண்டு எட்டு பின்னால வந்தா போதும்.

ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. எல்லாத் தொட்டியையும் காட்டணும்னு நினைக்காதீங்க. பிள்ளை எந்தத் தொட்டி முன்னால தானா நிக்குதோ அங்கயே நீங்களும் நில்லுங்க. "அங்க பாரு இங்க பாரு"ன்னு இழுக்காதீங்க. நாம பேச ஆரம்பிச்சா பிள்ளை மீனப் பாக்கத விட்டுட்டு நம்ம வாயப் பாக்கும். கொஞ்ச நேரம் சும்மா நின்னா அதுவே கேக்கும். "இது ஏன் வாயத் திறந்து திறந்து மூடுது, பேசுதா?"ன்னு ஒரு பையன் கேட்டான் என்கிட்ட. தண்ணிய வாயால எடுத்து செவுள் வழியா விடுது, அதுதான் அதுக்கு மூச்சுன்னு சொன்னதும் தொட்டி முன்னால நின்னு அவனும் வாயத் திறந்து திறந்து மூடுனான். இன்னொருத்தி "இதுக்கு ஒறக்கமே வராதா, கண்ண மூடவே இல்ல"ன்னா. இந்த மாதிரி மீனுக்கெல்லாம் இமை கிடையாது, கண்ணத் திறந்துக்கிட்டேதான் ஒறங்கும்னு சொன்னேன். அன்னைக்கு மத்தியானம் அவ கண்ணத் திறந்து வச்சுக்கிட்டே ஒறங்கப் பாத்தா.

கண்ணாடியத் தட்ட விடாதீங்க, பிளாஷ் போடாதீங்க. தண்ணிக்குள்ள அந்த அதிர்வு மீனோட உடம்பு முழுக்கத் தெரியும், உடம்போட ரெண்டு பக்கமும் அதுக்குன்னே ஒரு கோடு மாதிரி உணர்வு உறுப்பு இருக்கு. இத முதல்லயே வீட்ல வச்சுச் சொல்லிருங்க, அங்க போய் அதட்டாதீங்க.

கருங்கல் காரன்:
எனக்கு இதுல மாத்துக் கருத்து உண்டு, தப்பா எடுக்காதீங்க. கடல்ல நீந்துறத புடிச்சு கண்ணாடிக்குள்ள போட்டு அத டிக்கெட் எடுத்துப் பாக்கது எனக்கு மனசு ஒப்பாது. நம்ம மாவட்டத்துல கடலுக்கா பஞ்சம்? முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம், எங்க வேணும்னாலும் காலையில போய் நில்லுங்க, பாறை இடுக்குல தண்ணி தேங்கி நிக்கும்லா, அதுல குட்டி நண்டு, சின்ன மீன், சிப்பி எல்லாம் உயிரோட பாக்கலாம். பைசா செலவில்ல. பிள்ளை கையால தொட்டுப் பாக்கும். பொருட்காட்சியில வச்சிருக்க மீனெல்லாம் என்ன கதியில இருக்கும்னு நீங்களே நேர்ல பாத்திருப்பீங்க.

மீன்வள மாணவி:
கருங்கல் அண்ணா, பொருட்காட்சி விஷயத்துல நீங்க சொல்லுறது எனக்கும் வருத்தம்தான், நாலு நாளைக்கு ஒரு ஊருன்னு லாரியில ஏத்தி இறக்கி வைக்குற மீன் படுற பாடு கொஞ்ச நஞ்சமில்ல. ஆனா எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்காதீங்க. விழிஞ்ஞத்துல இருக்குறது ஆராய்ச்சி நிலையம். அந்த ஆரஞ்சு கலர் கோமாளி மீன் இருக்குல்ல, பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிஞ்ச மீன், அத அங்க குஞ்சு பொரிக்க வச்சு வளக்குறாங்க. வளத்த மீன் கடைக்கு வந்தா பவளப்பாறையில போய் அரிச்சுப் புடிக்குறது குறையும்ல. முத்துச் சிப்பியும் அப்படித்தான், இந்தியாவுல வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டுனது இதே நிறுவனம்தான், 1973ல தூத்துக்குடியில. 1947ல மண்டபத்துல ஆரம்பிச்ச நிறுவனம், இப்ப தலைமை கொச்சியில.

வடசேரி அக்கா, மகளுக்குச் சொல்ல ரெண்டு கதை தாறேன், ரெண்டும் நிஜம். கடல்குதிரையில குட்டிய வயித்துல சுமக்குறது அப்பாதான். அம்மா முட்டைய அப்பாவோட வயித்துப் பையில போட்டுட்டுப் போயிரும், பொரிஞ்சு குட்டி வெளிய வர்ற வரை அப்பா பொறுப்பு. கோமாளி மீன் பிறக்கும்போது எல்லாமே ஆண், கூட்டத்துல பெருசா இருக்குறது பொண்ணா மாறிக்கும், அது செத்துப் போனா அடுத்த ஆண் பொண்ணா மாறும். கடல்குதிரைய நம்ம நாட்டுல 2001ல இருந்து புடிக்கவோ விக்கவோ கூடாது, வலையில தெரியாம வந்தாலும் விட்டுரணும்.

அப்புறம் பாறை இடுக்குக்குப் போறவங்க ஒரு விஷயம் பாத்துக்குங்க. நம்ம கடல் சும்மா இருக்குற மாதிரி இருந்து திடீர்னு ஏறும், கள்ளக்கடல்னு சொல்லுவோம்ல, எங்கயோ தெற்க தூரத்துல அடிச்ச காத்து இங்க அலையா வந்து சேரும், இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது. அதுக்கு ஹைதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடும், அத பாக்காம ரெண்டரை வயசுப் பிள்ளைய பாறையில இறக்காதீங்க.

கருங்கல் காரன்:
கள்ளக்கடல் விஷயம் சரியாச் சொன்னம்மா, நான் அத எழுதாம விட்டது தப்பு. வளக்குற விவரமும் எனக்குப் புதுசு. பொருட்காட்சி பத்தி நான் சொன்னதுல மாத்தமில்ல.

பார்வதிபுரம் அப்பா:
தூரம் போக முடியாதவங்களுக்காகச் சொல்லுதேன். புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள வனத்துறை பூங்கா இருக்கு, மான், மயில், வாத்து, கூண்டுல பறவைங்க, கொஞ்சம் மீன் தொட்டியும் உண்டு. நிழல் நல்லா இருக்கும், 100 வகைக்கு மேல மரம். குளச்சல் சண்டையில 1741ல புடிபட்டு அப்புறம் மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டி லெனாய் கல்லறையும் அதுக்குள்ளதான். மீனுக்குன்னே போனா அது காணாது, ஆனா பயந்த பிள்ளைக்கு முதல்ல இங்க கூட்டிட்டு வந்து தைரியம் குடுத்துட்டு அப்புறம் விழிஞ்ஞம் போலாம்.

முட்டம் பேரன்:
நான் ஒரு விஷயம் சொல்லணும்னு ரெண்டு நாளா எழுதி எழுதி அழிக்குதேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கிடுங்க.

எங்க பாட்டா 50 வருஷத்துக்கு மேல கடலுக்குப் போனவரு. கட்டுமரம், அப்புறம் வள்ளம். இப்ப கண்ணு கொஞ்சம் மங்கல், கரையில உக்காந்து வலை பொத்தல் அடைப்பாரு. போன வருஷம் எங்க அக்கா பிள்ளைகள விழிஞ்ஞம் கூட்டிட்டுப் போகும்போது வண்டியில ஒரு இடம் காலியா இருக்கேன்னு பாட்டாவையும் ஏத்திக்கிட்டோம். அவரு வரமாட்டேன்னுதான் சொன்னாரு, "மீனப் பாக்க நான் காசு குடுக்கவா"ன்னு.

உள்ள போனதும் பிள்ளைங்க ஓடிருச்சு. பாட்டா ஒரு தொட்டி முன்னால நின்னாரு. கிளாத்தி ஒண்ணு, நம்ம கடல்ல வலை நிறைய வருமே, அதே கிளாத்திதான், பக்கவாட்டுல செறகு மட்டும் ஆட்டிக்கிட்டு அப்படியே நிக்குது. கண்ண மட்டும் சுத்துது. பாட்டா மூக்கு கண்ணாடியில முட்ட நிக்குதாரு. நான் பக்கத்துல போய் "பாட்டா, உக்காருதியளா"ன்னேன். கைய அசைச்சு சும்மா இருன்னாரு. ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா சொன்னாரு, "மக்கா, நான் மீன்ற முதுகத்தான் பாத்திருக்கேன். அப்புறம் வலையில துடிக்கதப் பாத்திருக்கேன். இப்படி சும்மா நிக்கத பாத்ததே இல்ல."

எனக்கு தொண்டை அடைச்சுப் போச்சு. 50 வருஷம் கடல்ல கெடந்த மனுஷன்.

அதுக்கப்புறம்தான் விசேஷம். பாட்டா ஒவ்வொரு தொட்டியா போய் பேரு சொல்ல ஆரம்பிச்சாரு. பலகையில அறிவியல் பேரு, பாட்டா வாயில ஊர் பேரு. கிளாத்தி, சிங்கி இறால், கலவா. இது பாறைக்குள்ள கெடக்கும், ராத்திரிதான் வெளிய வரும், இதுக்கு தூண்டில்ல கணவா கோக்கணும், இது வலைய கடிச்சு அறுத்துரும். அந்த வரிவரியா முள்ளு விரிச்ச சிங்க மீன் தொட்டி வந்ததும் அக்கா மகள ரெண்டு எட்டு பின்னால இழுத்துட்டாரு, கண்ணாடி இருக்குன்னு தெரியும், ஆனாலும் கை தானா இழுத்துருச்சு. "முள்ளு குத்துனா உயிரு போற வலி, சூடு பொறுக்குற அளவு சுடுதண்ணியில கைய முக்கி வைக்கணும்"னாரு. பக்கத்துல வேற குடும்பம், அதுல இருந்த பிள்ளைங்களும் பாட்டா பின்னாலயே வர ஆரம்பிச்சுட்டுது. மலையாளம் பேசுற பிள்ளைங்க, பாட்டா பேசுனது தமிழ், எல்லாத்துக்கும் புரிஞ்சுது.

அதனால வடசேரி அக்காவுக்கு நான் சொல்லுறது இதுதான், உங்க வீட்லயோ தெரிஞ்சவங்க வீட்லயோ கடலுக்குப் போன வயசானவங்க யாராவது இருந்தா கூடக் கூட்டிட்டுப் போங்க. பலகையில இல்லாதது அவங்க கிட்டதான் இருக்கு.

மார்த்தாண்டம் டீச்சர்:
தம்பி, உங்க பாட்டா சொன்னத என் வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

மீன்வள மாணவி:
முதுகத்தான் பாத்திருக்கேன்னு பாட்டா சொன்னதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. அயிலை, சாளை, சூரை எல்லாம் முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேல இருந்து பாத்தா கருத்த தண்ணியில முதுகு தெரியாது, கீழ இருந்து பாத்தா வானத்து வெளிச்சத்துல வயிறு தெரியாது. பறவைக்கும் பெரிய மீனுக்கும் ஒளிஞ்சுக்கதுக்கு அப்படி ஒரு நிறம். அந்த கருத்த முதுக மேல இருந்து கண்டுபுடிச்சு வலை போட்ட கண்ணு பாட்டாவோடது.

ராஜாவூர் சித்தி:
சின்னச் சின்ன விஷயம் நான் சொல்லுதேன். டயபர் எண்ணி வைக்காதீங்க, நினைச்சதுக்கு ரெண்டு கூட வைங்க. ஆளுக்கு ஒரு செட் துணி, நமக்கும் சேத்து. கட்டுச்சோறு கொண்டு போங்க, புளியோதரையும் தொட்டுக்க உருளைக்கிழங்கும் போதும், தயிர்ச்சோறு வெயில்ல புளிச்சுரும். ஏத்தம்பழமும் மட்டிப்பழமும் வச்சுக்கிடுங்க, வண்டியில அழுற பிள்ளைக்கு மட்டிப்பழம் மாதிரி மருந்து கிடையாது. மத்தியானம் ஒறங்குற நேரத்துக்கு முன்னால பாத்து முடிச்சு வண்டியில ஏறிருங்க, ஒறக்கம் வந்த பிள்ளைய வச்சுக்கிட்டு எத பாத்தாலும் பிரயோஜனமில்ல. கிளம்புறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி திறந்திருக்கான்னு கேட்டுக்கிடுங்க. மிருகக்காட்சி சாலையும் சேத்துப் பாக்கணும்னு வீட்டுக்காரர் சொல்லுவாரு, ஒரே நாள்ல ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

வடசேரி அம்மா:
போய்ட்டு வந்துட்டோம். ஞாயித்துக்கிழமை ராத்திரி, பிள்ளைங்க ஒறங்கியாச்சு, மறக்குறதுக்குள்ள எழுதிரணும்னு உக்காந்திருக்கேன்.

ஆறே முக்காலுக்கு கிளம்புனோம், தக்கலை அண்ணன் சொன்ன மாதிரி பாறசாலையில நிறுத்துனோம், சின்னவன் வாந்தி எடுக்கல, முதல் தடவையா. ஒம்பது மணிக்கு விழிஞ்ஞம். திறக்க நேரம் இருந்ததால பக்கத்துல அந்த குடைவரைக் கோயில் பாத்தோம், எட்டாம் நூற்றாண்டுன்னு போட்டிருக்கு, ஒரே பாறை, சின்னதா ஒரு அறை, உள்ள வீணை வச்ச தட்சிணாமூர்த்தி. வெளிய சிற்பம் பாதி செதுக்கி பாதியில விட்டிருக்கு. மாமியார் நிழல்ல உக்காந்துக்கிட்டு "இத யாரு பாதியில விட்டுட்டுப் போனானோ"ன்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

வாசல்ல மூத்தவ நின்னுட்டா. உள்ள வரமாட்டேன்னு. நான் டீச்சரம்மா சொன்னத நினைச்சுக்கிட்டு இழுக்கல. வீட்டுக்காரர் சின்னவனத் தூக்கிக்கிட்டு உள்ள போனாரு, நானும் அவளும் வெளிய படியில உக்காந்தோம். நான் கடல்குதிரை கதை சொன்னேன், அப்பா வயித்துல குட்டி இருக்கும்னு. கொஞ்ச நேரம் யோசிச்சா. "அப்பாவுக்கு வயிறு வலிக்குமா?"ன்னு கேட்டா. தெரியல, உள்ள போய்ப் பாப்போமான்னேன். என் சேலை முந்தானைய கையில சுத்திக்கிட்டு வந்தா.

கடல்குதிரைத் தொட்டி. வேற எதையும் அவ பாக்கல, நேரா அது முன்னால நின்னா. என் சுண்டுவிரல் நீளம் கூட இருக்காது, மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், வாலால ஒரு செடித் தண்டச் சுத்திப் புடிச்சுக்கிட்டு நிக்குது. தண்ணி அசையும்போது அதுவும் அசையுது, வாலு விடல. ஒரு கண்ணு நம்மளப் பாக்குது, இன்னொரு கண்ணு வேற எங்கயோ பாக்குது, ரெண்டும் தனித்தனியா சுத்துது. முதுகுல ஒரு சின்னச் செறகு, கண்ணுக்கே தெரியாத வேகத்துல அடிக்குது. இவ அதையே பாத்தா. அப்புறம் தன் கையப் பாத்தா, கையில என் முந்தானை சுத்தியிருக்கு. திரும்பி என்னப் பாத்து, "அம்மா, அதுவும் புடிச்சிருக்கு"ன்னா.

நான் ஒண்ணும் சொல்லல. எனக்குப் பேச வரல.

முந்தானைய விட்டுட்டா. அதுக்கப்புறம் அவளா ஒவ்வொரு தொட்டியாப் போனா. சின்னவன் சிங்கி இறால் முன்னால உக்காந்து அதோட மீசை எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் விரல வச்சுக்கிட்டே போனான், கண்ணாடியத் தட்டல. கூட்டம் அதிகமில்ல, யாரும் தள்ளல. நாங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல உள்ள இருந்தோம், அதுல பாதி நேரம் கடல்குதிரைக்கே போச்சு. பதினொன்றரைக்கு வண்டி ஏறுனோம், பிள்ளைங்க நெய்யாற்றின்கரை தாண்டுறதுக்குள்ள ஒறங்கிருச்சு. கலங்கரை விளக்கமும் கோவளமும் பாக்கல, வருத்தமில்ல.

இப்ப ஒரு புதுப் பிரச்சனை. இன்னைக்கு மத்தியானம் அயிலை குழம்பு வச்சேன். மூத்தவ தட்டப் பாத்தா, "இது நேத்து பாத்த மீனா?"ன்னு கேட்டா. இல்ல மக்கா இது வேற மீனுன்னேன். "இதுவும் நீந்துச்சா?"ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன், பொய் சொல்ல வரல. தட்டத் தள்ளி வச்சுட்டு ரசம் மட்டும் விட்டுச் சாப்பிட்டா. மாமியாருக்கு வருத்தம், "காசு குடுத்து பிள்ளைக்கு மீன் தின்ன மறக்க வச்சுட்டு வந்துட்டியே"ங்காங்க. நான் என்ன சொல்லணும் அவகிட்ட?

ராஜாவூர் சித்தி:
நீங்க ஆமான்னு சொன்னது பெரிய தப்பும்மா. வளர்ற பிள்ளை, மீன் சாப்பிடணும். கடல்ல கோடிக்கணக்குல இருக்கு, கடவுள் சாப்பிடத்தான் படைச்சாருன்னு சொல்லி ஊட்டி விடுங்க, ரெண்டு நாள்ல மறந்துரும். என் மகனும் கோழிக்கு இப்படித்தான் அழுதான்.

மார்த்தாண்டம் டீச்சர்:
சித்தி, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பிள்ளை கேட்டது சரியான கேள்வி, அம்மா சொன்னது சரியான பதில். நேத்து உயிரோட பாரு பாருன்னு கூட்டிட்டுப் போய்ட்டு இன்னைக்கு அது வேற இது வேறன்னு சொன்னா, பாத்ததே பொய்யாப் போயிரும். வற்புறுத்தாதீங்க. முட்டை குடுங்க, பருப்பு குடுங்க, பயறு குடுங்க. அவளா வந்தா வரட்டும், வராட்டியும் போகட்டும்.

கருங்கல் காரன்:
எங்க வீட்ல ஒருத்தன் ஆறு வயசுல மீன விட்டான், இப்ப காலேஜ் படிக்கான், இன்னும் தொட மாட்டான். நல்ல ஆரோக்கியமாத்தான் இருக்கான். பயப்படாதீங்க.

முட்டம் பேரன்:
அக்கா, நீங்க எழுதுனத பாட்டாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், கடல்குதிரை வரைக்கும் கண்ண மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. மீன் சாப்பிடலங்கிறது வந்ததும் கண்ணத் திறந்தாரு. அவரு சொன்னத அப்படியே எழுதுதேன்.

"அந்தப் பிள்ளைய யாரும் அதட்டாண்டாம். நானும் சின்னதுல ஒரு வாரம் மீன் தின்னல. மொத மொத எங்கப்பன் கூட கட்டுமரத்துல போன அன்னைக்கு, ஒரு பெரிய பாரை மீன், மரத்துல போட்டதும் நிறம் மாறி மாறி அப்படியே மங்கிப் போச்சு. நான் அழுதேன். எங்கப்பன் அடிக்கல. கையில ஒரு வாய் தண்ணி கோரி அதுமேல ஊத்துனாரு. அப்புறம் நாங்க எப்பமும் அப்படித்தான் செஞ்சோம். தின்னதுக்கு முன்ன ஒரு வாட்டி அதப் பாக்கணும். பாக்காம தின்னா அது வெறும் சாமானம். குஞ்சு மீன் வந்தா திருப்பி கடல்ல விட்டுரணும், சினை மீன் வந்தா மனசு கஷ்டப்படணும். இப்பம் கண்ணி சின்ன வலையப் போட்டு குஞ்சையும் வாரிக்கிட்டு வாறானுவ, அவனுவ கூட்டிட்டுப் போய்ப் பாக்கணும் அந்தத் தொட்டிய."

கடைசியில சொன்னது கொஞ்சம் கோவமா சொன்னாரு.

மீன்வள மாணவி:
பாட்டா சொன்ன குஞ்சு மீன் விஷயம் ரொம்ப முக்கியம். மீன்பிடித் தடைக்காலம் வைக்குறதே மீன் இனப்பெருக்கத்துக்குத்தான். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம்ம மாவட்டத்துல ரெண்டும் வரும், சின்னமுட்டத்துக்கு கிழக்குக் கணக்கு, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கு. விசைப்படகுதான் நிக்கும், வள்ளம் போகும். அக்கா, மககிட்ட இதச் சொல்லிப் பாருங்க, மீன் முட்டை போடுற மாசத்துல பெரிய போட்டுக்கு லீவு விட்டிருவாங்கன்னு. பிள்ளைகளுக்கு லீவுன்னா உடனே புரியும்.

வடசேரி அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாட்டா சொன்னத நான் நாலு தடவ வாசிச்சேன், மாமியாருக்கும் வாசிச்சுக் காட்டினேன், அவங்க அதுக்கப்புறம் பிள்ளைய ஒண்ணும் சொல்லல.

புதன்கிழமை எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்ற அக்கா வந்தாங்க, குளச்சல்ல இருந்து வாறவங்க. மூத்தவ எப்பமும் வீட்டுக்குள்ளேயே இருப்பா, அன்னைக்கு வெளிய வந்து சருவம் பக்கத்துல உக்காந்தா. "இது பேரென்ன, இது பேரென்ன"ன்னு ஒவ்வொண்ணா கேட்டா. அந்த அக்கா பொறுமையா சொன்னாங்க, சாளை, நெத்தோலி, நவரை, வாளைன்னு. செவுளத் தூக்கி உள்ள செவப்பா இருக்கதக் காட்டி, "இப்படி இருந்தா இன்னைக்குப் புடிச்சது"ன்னு சொல்லிக் குடுத்தாங்க. "இதுலதான் அது மூச்சு விடும்"னு இவ அந்த அக்காவுக்கு திருப்பிச் சொல்லிக் குடுத்தா. ஒரு நவரைய எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தா, அந்த ரோஸ் நிறமும் மஞ்சக் கோடும். அப்புறம் குழாயத் திறந்து கையில கொஞ்சம் தண்ணி பிடிச்சு அது மேல ஊத்துனா. பாட்டா சொன்னத நான் மாமியாருக்கு வாசிக்கும்போது கேட்டுக்கிட்டு இருந்திருக்கா போல.

அன்னைக்கும் சாப்பிடல. நான் கேக்கவும் இல்ல.

முட்டம் தம்பி, ஒரு விஷயம் கேக்கணும். அடுத்த சனிக்கிழமை வள்ளம் கரைக்கு வாறதப் பாக்க அவளக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம். பாட்டா அங்க இருப்பாங்களா? அவ அவங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம், என்னன்னு என்கிட்ட சொல்ல மாட்டேங்கா.

முட்டம் பேரன்:
இருப்பாரு அக்கா, இப்பவே சொல்லிட்டேன், சட்டைய எடுத்து வைக்கச் சொல்லுதாரு. ஏழு மணிக்கு முன்ன வந்துருங்க, அப்பதான் வள்ளம் வரும். காத்து நல்லா அடிக்கும், சின்னவனுக்கு தலையில ஏதாவது கட்டி விடுங்க. அலை எச்சரிக்கை ஏதும் வந்தா நான் வெள்ளிக்கிழமை ராத்திரியே இங்க எழுதுதேன், அன்னைக்கு வர வேண்டாம்.